மூண்டாவது மரம்

ரொறன்ரோவிலிருந்து வந்த குகப்பிரியன்
தேத்தண்ணி ஆற முதலே கேட்டான்:
"திருகோணமலையில எத்தனை பார் இருக்கு?"
நான் எண்ணிப் பார்த்ததில்லை.
இஸ்ஸதீனைக் கூப்பிட்டேன்.
ஒரு சொட்டும் தொடாத மனுசன்,
இருபத்திரண்டு வருசமாய் எல்லா வாசலிலும்
ஓட்டோவை நிறுத்திக் காத்திருப்பவன்.
எந்தக் கதவால் போனவன்
எந்தக் காலால் திரும்புவான் என்று அவனுக்குத் தெரியும்.
"பாட்டுப் போட்டா சண்டை வராது,
கிரிக்கெட் போட்டா வரும்" என்றான்,
சாவியைத் திருப்பிக்கொண்டே.

முதலாவது, டொக்யார்ட் வீதியில்.
கம்பிவலைக்குள் ஒரு கை.
கைக்கு மேலே எங்கேயோ முகமும் இருந்திருக்கலாம்.
குகப்பிரியன் வலைக்குக் கிட்ட வாயை வைத்து,
"குழாயில என்ன இருக்கு?"
கை கொஞ்சம் யோசித்தது.
"தண்ணிதான். அதுவும் ஆறு மணிக்குப் பிறகுதான் வரும்."

சிரித்தது நான் மட்டும்.
அவனுடைய தெருவில் ஒரு கடைச் சுவரில்
முப்பத்தாறு குழாயாம், முப்பத்தாறு கசப்பாம்.
குடித்ததெல்லாம் போனுக்குள் பதிந்து வைத்திருக்கிறான்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டாவதாய்
போத்தல் மூடியிலிருந்த சிங்கத்தையும் பதிந்தான்:
இரண்டரை நட்சத்திரம்.
சிங்கம் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு ஷட்டர் விழுந்தது.
ஐந்து வரைக்கும் சட்டப்படி தாகம் கிடையாது.
கோட்டை வாசலடியில் நின்றோம், மூன்று பேரும் ஒரு நிழலில்.
மான் ஒன்று வந்து
கடலைச் சரையைக் கடதாசியோடு தின்றுவிட்டு
இன்னும் இருக்கா என்று பார்த்தது.

பிறகு உப்புவெளி.
மணலில் மேசை, கரும்பலகை, சோக்கட்டி எழுத்து,
திமிங்கிலம் பார்த்துவிட்டு வந்து
தோல் உரிந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள்.
குளிர்ப்பெட்டியில் ஒரே ஒரு போத்தல்.
கொழும்பிலிருந்து இராத்திரி பஸ்ஸில் வந்ததாம்,
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
நானும் ஒரு வாய் குடித்தேன்.
வேப்பம்பூ. மாங்காய்த் தோல். கடைசியில் கொஞ்சம் சவர்க்காரம்.
பரிமாறிய துஷாந்தன் என் முகத்தைப் பார்த்துவிட்டு
மெல்லச் சொன்னான்:
"அண்ணை, இது இப்பிடித்தான் இருக்கோணுமாம்."

குகப்பிரியனுக்குத் திருப்தியில்லை.
இங்கிலாந்தில் ஒரு வகை இருக்கிறதாம்,
வடிகட்டாதது, காற்றடைக்காதது,
பீப்பாவுக்குள்ளேயே நொதித்துக்கொண்டிருப்பது,
மூன்று நாளில் செத்துவிடுவது.
"உயிருள்ள பியர்" என்றான், ஓட்டோவில் ஏறும்போது.
இஸ்ஸதீன் கண்ணாடியில் அவனைப் பார்த்தான்.
"உசிரோட வேணுமெண்டா
அதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?"

சாம்பல்தீவுப் பாலம் தாண்டி இடதுகைப் பக்கம்.
தகரக் கொட்டிலுக்கு முன்னமே அதன் புளிப்பு வந்துவிட்டது.
ஒரு வாங்கு, நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பா,
மிதந்த தேனீயைச் சுட்டுவிரலால் எடுத்து
வாசலில் விட்டுவிட்டு ஊற்றினான் தெய்வேந்திரம்.
தேனீ நேராய் நடக்கவில்லை.

குகப்பிரியன் பீப்பாவில் காதை வைத்தான்.
வெகுநேரம் வைத்திருந்தான்.
உள்ளே, சின்ன மழை
ஓலையில் விழுவதுபோல.

குடித்தான். போனை எடுத்தான்.
போனுக்குப் பெயர் வேண்டும், காய்ச்சிய இடம் வேண்டும்,
வெறி எத்தனை வீதம் என்று வேண்டும்.
"பேரோ?" தெய்வேந்திரம் வெளியே பார்த்தான்.
"காலமை இறக்கினது.
மேற்குப் பக்கம், மூண்டாவது மரம்."
"வீதம்?"
"பத்து மணிக்குக் கேட்டிருந்தா ஒரு கணக்கு.
இப்ப வேற. நீர் குடிச்சு முடிக்க இன்னொண்டு."

நாலே முக்கால் நட்சத்திரம்.
அந்தக் கால் எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.
மற்ற நாள் திரும்பிப் போனான்.
மூண்டாவது மரம் ஓய்வில், இது ஐந்தாவது,
கொஞ்சம் உவர்ப்பு என்று வந்து சொன்னான்.

ஆனால் அந்த இரவு, பாலத்தில் திரும்பும்போது
இஸ்ஸதீன் தன் தீர்ப்பைச் சொன்னான்:
"முக்கால் மணித்தியாலம், உள்ளுக்கிருந்து ஒருத்தர் சத்தமும் வரேல்ல.
நல்ல கடை."
காத்திருந்ததற்கு முந்நூறு கூட்டி வாங்கினான்.

போன் வெளிச்சத்தில் வரைபடத்தைப் பார்த்தோம்.
சிக்னல் பிசகி, சிவப்புக் குறி
கரையிலிருந்து அரை மைல் தள்ளி
கடலில் விழுந்திருந்தது.
திருத்தட்டா என்றான். விடு என்றேன்.
ரொறன்ரோவில் எவனாவது நம்பட்டும்,
அந்தத் தண்ணிக்குள் வரிசையாய்ப் பனை நிற்கிறதென்று,
எண்ணிப் போனால் மூண்டாவது என்று.